மூன்று விசில் வரும்வரை: சின்னக் குழந்தைக்குக் காத்திருக்கவும் தன் வேலையைத் தானே செய்யவும் பழக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி மூன்று வயது முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கானது. மும்பை செம்பூரில் என் வீட்டில், அக்கம்பக்கத்துக் குழந்தைகளை மாலை வேளையில் பார்த்துக்கொள்கிறேன். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள்தாம் அதிகம். கால்சட்டை போடுவது, தண்ணீர் ஊற்றுவது, வரிசையில் நிற்பது போன்ற சிறிய வேலைகளில் எங்கே சிக்கல் வருகிறது என்று பல ஆண்டுகள் பார்த்தபிறகு எழுதுகிறேன். பெரும்பாலும் தடுமாறுவது பெரியவர்கள்தாம்.

படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். “பொறுமையாக இரு” என்று சொல்லித் தொடங்குபவர்கள் ஆறாவது படியில் தொடங்குகிறார்கள். அதற்குக் கீழே ஐந்து படிகள் இல்லாததால் குழந்தையும் வழுக்குகிறது, அவர்களும் சோர்ந்துபோகிறார்கள். முதல் மூன்று படிகள் முழுக்க முழுக்க உங்களுடைய வேலை. ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம்.

1. முதலில் உங்கள் நேரத்தை ஒதுக்குங்கள்

நாளொன்றுக்கு 20 நிமிடம், இரண்டு வாரம். எந்த லோக்கல் ரயிலும் எந்தப் பள்ளி வேனும் உங்களை அழைக்காத 20 நிமிடமாக அது இருக்க வேண்டும்.

வார நாள் காலையில் தொடங்குவதுதான் நான் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு. வேன் கீழே வந்து ஹாரன் அடிக்கிறது. அந்த நேரத்தில் நான்கு வயதுப் பிள்ளையிடம் “இன்றிலிருந்து நீயே ஷூ போடு” என்றால், மூன்றாவது நிமிடத்தில் அம்மா குனிந்து தானே மாட்டிவிடுவாள். கொஞ்சம் இழுத்தடித்தால் வேலை தன்னால் நடந்துவிடும் என்பதைத்தான் பிள்ளை அன்று கற்றுக்கொள்கிறது. நாளை இன்னும் கொஞ்சம் இழுக்கும்.

மாலையில் விளையாடிவிட்டு வந்து, கைகால் கழுவி, உடை மாற்றும் நேரம் நல்லது. குழந்தை எங்கும் கிளம்ப வேண்டியதில்லை. உங்களுக்கும் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. பசி வருவதற்கு முன் முடித்துவிடுங்கள். பசித்த குழந்தையிடம் பித்தானும் கிடையாது, பொறுமையும் கிடையாது.

மே மாதம் ஊருக்குப் போய்த் திரும்பிய மறுநாளே ஆரம்பிக்க வேண்டாம். வீடு, மொழி, தூங்கும் நேரம் எல்லாம் மாறியிருக்கும். ஒரு வாரம் விடுங்கள். ஜூன் நடுவில் பள்ளி திறந்து மழையும் சேர்ந்துகொள்ளும் முதல் இரண்டு வாரங்களையும் விட்டுவிடுங்கள்.

2. வீட்டைக் குழந்தையின் உயரத்துக்கு இறக்குங்கள்

ஒவ்வொரு பொருளுக்கும் “அம்மா, எடுத்துக் கொடு” என்று கேட்க வேண்டியிருந்தால் குழந்தை தானே செய்யும் பழக்கம் வரவே வராது. கேட்கும் பழக்கம்தான் வளரும்.

மும்பையில் நம்மில் பலர் இருப்பது ஒற்றைப் படுக்கையறை வீட்டில், அல்லது ஒரே அறையில். குழந்தைக்குத் தனி அலமாரி வைக்க இடமில்லை, அவசியமும் இல்லை. வேண்டியவை கொஞ்சம்தான். குழந்தையின் தோள் உயரத்தில் இரண்டு கொக்கிகள், ஒன்று பைக்கு, ஒன்று துண்டுக்கு. ஆடாத குட்டை ஸ்டூல் ஒன்று. கீழ்த்தட்டில் குழந்தைக்கென்று ஒரு தட்டும் இரண்டு சின்ன எவர்சில்வர் டம்ளர்களும். மூக்கு வைத்த சிறிய ஜக் ஒன்று. இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டைகள். கழுத்து அகலமான பனியன்கள். சிந்தினால் துடைக்க ஒரு பழைய பருத்தித் துணி, அதுவும் குழந்தைக்கு எட்டும் இடத்தில்.

டம்ளர் எவர்சில்வராக இருப்பதற்குக் காரணம் உண்டு. பிளாஸ்டிக் டம்ளர் எடை இல்லாததால் லேசாகக் கை பட்டாலே சாயும். எவர்சில்வர் உட்கார்ந்த இடத்தில் நிற்கும், விழுந்தாலும் உடையாது, விழும் சத்தமே கவனத்தைத் திருப்பும்.

ஆபத்தானவற்றையும் இப்போதே ஒதுக்குங்கள். தண்ணீர் குறிப்பிட்ட நேரம் மட்டும் வரும் வீடுகளில் குளியலறையில் வாளியும் டிரம்மும் நிரம்பி நிற்கும். சின்னக் குழந்தை மூழ்க ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டாம். வாளிக்கு மூடி போடுங்கள், அல்லது கதவை வெளிப்பக்கம் தாழிடுங்கள். ஸ்டூல் ஒருபோதும் ஜன்னலுக்கோ பால்கனிக்கோ பக்கத்தில் இருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, கத்தி ஆகியவை இந்த வழிகாட்டியில் இல்லை. அவற்றுக்கு இந்த வயது போதாது.

3. ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

ஆர்வத்தில் ஐந்து வேலைகளை ஒரே நாளில் தொடங்குவார்கள். மூன்றாம் நாள் ஐந்தும் நின்றுபோகும். இரண்டு வாரத்துக்கு ஒரு வேலை போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? குழந்தை ஏற்கெனவே உங்கள் கையிலிருந்து பிடுங்கும் வேலை எதுவோ, அதை. “நான், நான்” என்று ஜக்கைப் பிடித்து இழுக்கும் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுவதைச் சொல்லிக்கொடுங்கள். செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு நடக்கும் பிள்ளைக்குச் செருப்பு. விருப்பம் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் உங்கள் வேலை பாதியாகக் குறையும்.

வயதுக்குப் பொருந்துமா என்று பார்க்க, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வளர்ச்சிப் பட்டியல் உதவும். பெரும்பாலான குழந்தைகள் 3 வயதுக்குள் தளர்வான கால்சட்டை போன்ற சில உடைகளைத் தாமே போடுவார்கள். 4 வயதுக்குள் சில பித்தான்களைக் கழற்றுவார்கள், பெரியவர் பக்கத்தில் இருக்கத் தண்ணீர் ஊற்றுவார்கள். 5 வயதுக்குள் சில பித்தான்களைப் போடுவார்கள், காலுறைகளை ஜோடி சேர்ப்பது, சாப்பிட்ட தட்டை எடுத்து வைப்பது போன்ற எளிய வேலைகளைச் செய்வார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கழற்றுவது முன்னால் வருகிறது, போடுவது பின்னால் வருகிறது. பித்தான், ஷூ, சட்டை எல்லாவற்றிலும் இதே வரிசைதான். ஆனால் கழற்றும் நேரத்தில் நாம் களைத்திருப்போம். உருவிப் போட்டுவிட்டு, போடுவதை மட்டும் பாடமாக வைக்கிறோம். முதல் வாரம் கழற்ற மட்டும் பழக்குங்கள்.

4. கடைசி அசைவிலிருந்து பின்னோக்கிப் போங்கள்

இந்த ஒரு படி சரியாக அமைந்தால் மற்றவை எளிது. அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

கால்சட்டை போடுவது நமக்கு ஒரு வேலை. குழந்தைக்கு அது ஆறு வேலை. முன்பக்கம் எது என்று பார்ப்பது, தரையில் விரிப்பது, உட்கார்ந்து ஒரு காலை நுழைப்பது, மறுகாலை அடுத்த ஓட்டையில் நுழைப்பது, எழுந்து நிற்பது, இடுப்புக்கு இழுப்பது. முதல் அசைவிலிருந்து தொடங்கினால் குழந்தை நான்காவதில் சிக்கும்; இரண்டு காலும் ஒரே ஓட்டைக்குள் போகும்; அழும்; நீங்கள் முடித்துவிடுவீர்கள். முடிக்கும் இன்பம் ஒவ்வொரு நாளும் உங்களுக்கே போய்ச் சேரும்.

திருப்பிப் போடுங்கள். முதல் இரண்டு நாள் ஐந்து அசைவுகளையும் நீங்கள் செய்யுங்கள். கால்சட்டை முட்டி வரை வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். இடுப்புக்கு இழுப்பது மட்டும் குழந்தையின் பங்கு. இழுத்தவுடன் வேலை முடிந்தது; முடித்தது குழந்தை. மூன்றாம் நாள் கணுக்காலில் நிறுத்துங்கள். எழுந்து நின்று இழுக்கட்டும். பிறகு ஒரு காலை மட்டும் நீங்கள் நுழைத்துவிடுங்கள். இப்படிப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால், பத்தாம் நாள் வாக்கில் விரிப்பது மட்டும்தான் உங்களிடம் மிஞ்சியிருக்கும்.

முன்பக்கம் தெரிய இடுப்புப் பட்டையின் உட்புறம் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டுவையுங்கள். “சிவப்பு வயிற்றுப் பக்கம்” என்பது நான்கு வயதுக்குப் புரியும். “முன்பக்கம்” என்பது புரியாது, ஏனென்றால் கையில் பிடித்திருக்கும்போது எது முன், எது பின் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது.

மழைக்கோட்டுக்கும் இதே வழி. அமுக்குப் பித்தான்களில் கீழிருந்து மேலாகப் போகச் சொல்லுங்கள். கீழ்ப் பித்தான் கண்ணுக்குத் தெரியும், கழுத்துப் பித்தான் தெரியாது. கழுத்துப் பித்தானுக்குக் கீழே வரும் கடைசிப் பித்தானை மட்டும் குழந்தை அமுக்கட்டும், பிறகு கடைசி இரண்டு. கழுத்துப் பித்தானை நீங்களே போட்டுவிடலாம்; அது பெரியவர்களுக்கே கடினம்.

தண்ணீர் ஊற்றுவதில் ஒரு மாற்றம் உண்டு. முதல் சில நாள் தண்ணீரே வேண்டாம். ஜக்கில் ஒரு கைப்பிடி துவரம்பருப்பு போட்டு, தாம்பாளத்துக்கு நடுவில் டம்ளரை வைத்து ஊற்றட்டும். பருப்பு மெதுவாக விழும், சிந்தியதைப் பொறுக்கி எடுக்கலாம், பொறுக்குவதும் விரலுக்கு நல்ல பயிற்சி. மூக்கிலோ வாயிலோ போடும் வயதென்றால் பக்கத்திலேயே இருங்கள். அதன் பிறகு கால் ஜக் தண்ணீர். முழு ஜக்கைக் கொடுத்துவிட்டுச் சிந்தாதே என்று சொல்வது நியாயமில்லை. அந்தக் கனம் அந்த மணிக்கட்டுக்கு மிக அதிகம்.

5. காட்டும்போது பேசாதீர்கள், உதவியை ஏணி போல ஏற்றுங்கள்

கையையும் வாயையும் ஒரே நேரத்தில் கவனிக்கச் சின்னக் குழந்தையால் முடியாது. “பார், இப்படிப் பிடி, இல்லை, அப்படி இல்லை, கட்டை விரலை இங்கே வை” என்று பேசிக்கொண்டே காட்டினால் குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கும், கையைப் பார்க்காது. ஒரு முறை வாய் திறக்காமல் மெதுவாகச் செய்து காட்டுங்கள். பிறகு பொருளைக் கொடுத்துவிடுங்கள்.

குழந்தை சிக்கிக்கொண்டால் உடனே கை நீட்ட வேண்டாம். மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். பாதிச் சிக்கல்கள் அந்தப் பத்துக்குள் அவிழ்ந்துவிடும். அவிழாவிட்டால் ஒரே ஒரு சொல்: “சிவப்பு?” அதற்கும் ஆகாவிட்டால் விரலால் சுட்டிக்காட்டுங்கள். அதற்கும் ஆகாவிட்டால் உங்கள் கையைக் குழந்தையின் கை மேல் வைத்து நகர்த்துங்கள். குழந்தையின் கையை விலக்கிவிட்டு நீங்கள் செய்வது இந்த ஏணியில் இல்லை.

அப்பாக்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது வேறொரு தவறு. குழந்தை தட்டுத்தடுமாறி முடித்தபிறகு, காலர் கோணலாக இருக்கிறதென்று சரிசெய்வார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் தான் செய்தது செல்லாது என்றுதான் குழந்தைக்குப் படுகிறது. வீட்டுக்குள் இருக்கும்போது கோணல் காலர் கோணலாகவே இருக்கட்டும்.

முடித்தபின் என்ன நடந்ததோ அதைச் சொல்லுங்கள்: “மூன்று பித்தானும் போட்டுவிட்டாய்.” சாக்லேட் வேண்டாம். ஒரு வாரம் சாக்லேட் கொடுத்துவிட்டு நிறுத்திய வீடுகளில் வேலையும் சேர்ந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

6. காத்திருக்கச் சொல்லும் முன் உங்கள் சொல்லை நேராக்குங்கள்

நம் வீடுகளில் “இரு, இதோ வருகிறேன்” என்ற சொல்லுக்கு நேரமே கிடையாது. சில வேளை இரண்டு நிமிடம், சில வேளை அரை மணி நேரம், சில வேளை வருவதே இல்லை. குழந்தை இதைக் கணக்கு வைத்துக்கொள்கிறது. காத்திருந்தாலும் வராத ஒன்றுக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? அழுதால் உடனே வருகிறார்களே. அது அடம் இல்லை, அனுபவத்தில் கண்ட முடிவு.

அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 3 முதல் 5 வயது வரை உள்ள 28 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2013-இல் வெளியானது. படம் வரைய நல்ல பொருள்கள் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மறுபாதியினரிடம், மன்னித்துக்கொள், இல்லை என்று வெறுங்கையுடன் திரும்பினார். பிறகு எல்லோர் முன்னும் ஒரு மிட்டாயை வைத்து, 15 நிமிடம் சாப்பிடாமல் இருந்தால் இரண்டு கிடைக்கும் என்றார். சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். இதைப் படித்தபிறகு “இதோ” என்ற சொல்லை நான் குழந்தைகளிடம் சொல்வதை விட்டுவிட்டேன்.

எனவே முதல் வாரம் பயிற்சி உங்களுக்கு. குழந்தை நிச்சயமாகக் காத்திருந்துவிடும் என்று உங்களுக்குத் தெரிந்த அளவு சின்ன நேரத்தைச் சொல்லுங்கள். “இந்த இரண்டு தட்டைக் கழுவிவிட்டு வருகிறேன்.” கழுவுங்கள். குழந்தை சிணுங்கத் தொடங்கும் முன்னரே கையைத் துடைத்துக்கொண்டு வந்து நில்லுங்கள். “இரண்டு தட்டு கழுவினேன், வந்துவிட்டேன்.” ஒரு நாளில் நான்கைந்து முறை இப்படி நடந்தால், உங்கள் சொல்லுக்கு எடை வருகிறது. அந்த எடை வந்தபிறகுதான் நேரத்தை நீட்ட முடியும்.

கேட்டதைக் கொடுக்க முடியாதென்றால் “அப்புறம்” என்று சொல்லாதீர்கள். “இல்லை” என்று சொல்லுங்கள். அழுகை வரும், ஆனால் உங்கள் சொல் கெடாது.

7. நேரத்தை விசிலாலும் விரலாலும் அளந்து கொடுங்கள்

“ஐந்து நிமிடம்” என்பது நான்கு வயதில் வெறும் ஒலி. கண்ணாலோ காதாலோ அளக்கக்கூடிய ஒன்று வேண்டும்.

நம் சமையலறையில் அதற்குச் சிறந்த கருவி குக்கர். “மூன்று விசில் வந்ததும் உன்னோடு விளையாட வருகிறேன்.” மூன்று உருளைக்கிழங்கையோ மூன்று கோலி குண்டுகளையோ வரிசையாக வைத்து, ஒவ்வொரு விசிலுக்கும் ஒன்றைக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். ஒரு நுணுக்கம்: முதல் விசில் வர நெடுநேரம் ஆகும், அடுத்தவை சீக்கிரம் வரும். அதனால் முதல் விசில் வந்தபிறகு எண்ணத் தொடங்குங்கள். பழகாத குழந்தை அந்த முதல் விசிலுக்குள்ளேயே உடைந்துபோகும்.

சுவர்க் கடிகாரத்தில் பொட்டு ஒட்டுவதும் நல்ல வழி. நீள முள் பொட்டைத் தொட்டால் கீழே விளையாடப் போகலாம். கைபேசியில் அலாரம் வைப்பதை நான் விரும்புவதில்லை. கைபேசி கண்ணில் பட்டதும் குழந்தை காத்திருப்பது அதற்காக மாறிவிடுகிறது.

எவ்வளவு நேரம் எதிர்பார்க்கலாம்? முன்பு சொன்ன அதே பட்டியலில், 5 வயதில் கதை கேட்பது, வரைவது போன்றவற்றில் 5 முதல் 10 நிமிடம் கவனம் நிற்கும் என்றிருக்கிறது. திரை பார்க்கும் நேரம் அதில் சேராது. அப்படியானால் மூன்று வயதுக் குழந்தையை வங்கியில் அரை மணி நேரம் சும்மா உட்கார் என்று சொல்வது எவ்வளவு பெரிய சுமை என்று யோசித்துப் பாருங்கள்.

8. காத்திருக்கும் கைக்கு உண்மையான வேலை கொடுங்கள்

சும்மா இருந்து காத்திருப்பது மிகக் கடினம். கை ஓடினால் நேரமும் ஓடும்.

டிசம்பர், ஜனவரியில் பச்சைப் பட்டாணி மலிவாகக் கிடைக்கும்போது உரிக்கக் கொடுங்கள். கறிவேப்பிலை உருவுவது, வெந்தயக்கீரை ஆய்வது, காலுறை ஜோடி சேர்ப்பது எல்லாம் தகும். உரித்த பட்டாணி அன்றைய குழம்பில் போக வேண்டும், அது குழந்தைக்குத் தெரியவும் வேண்டும். விளையாட்டுக்கென்று கொடுத்துவிட்டுப் பின்னால் கொட்டிவிடும் வேலையைப் பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஓர் இரவு காத்திருக்க இட்லி மாவு இருக்கிறது. அரைத்து வைத்ததும் பாத்திரத்தின் வெளியே மாவின் மட்டத்தில் ஒரு நூல் கட்டுங்கள். காலையில் மாவு நூலைத் தாண்டி எங்கே போயிருக்கிறது என்று குழந்தை பார்க்கட்டும். இடையில் மூடியைத் திறக்கக் கூடாது என்பது விதி. மே மாதப் புழுக்கத்தில் சீக்கிரம் பொங்கும், ஜனவரியில் தாமதமாகும். அந்த வித்தியாசத்தையும் காட்டுங்கள்.

பல நாள் காத்திருக்க வெந்தயம். இரவு ஊறவைத்து, ஒரு தட்டையான தொட்டியில் மண் போட்டுத் தூவினால் மூன்று நான்கு நாளில் முளைவிடும். பத்து நாள், இரண்டு வாரத்தில் கிள்ளலாம். மும்பைச் சந்தைகளில் சமுத்திர மேத்தி என்று சின்னஞ்சிறு கட்டாக விற்கும் கீரை இதுதான். கடலோர மணலில் வளர்ப்பது. சன்னலோரத்தில் வளர்ந்ததையும் சந்தைக் கட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவ்வளவு ஆசை. தினமும் தோண்டிப் பார்த்த ஒரு பையனின் தொட்டியில் மட்டும் முளைக்கவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை, இரண்டாம் முறை அவனே மண்ணைத் தொடவில்லை.

9. சிந்தும்போதும் அழும்போதும்

சிந்தினால்: “துணி எங்கே இருக்கிறது?” இந்த ஒரு கேள்வி போதும். துடைப்பதும் ஊற்றும் வேலையின் கடைசி அசைவுதான், தண்டனை அன்று. நீங்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டு துடைத்தால் குழந்தைக்கு ஜக்கைத் தொடவே பயம் வரும்.

அழுதால் முதலில் எந்த அழுகை என்று பாருங்கள். பித்தான் போகவில்லை என்று கோபத்தில் வரும் அழுகையா, களைப்பு அழுகையா? கோப அழுகை என்றால் பக்கத்தில் உட்காருங்கள். “பித்தான் போகமாட்டேன் என்கிறது. கஷ்டமாகத்தான் இருக்கிறது.” அடங்கியதும் ஓர் அசைவு குறைத்துக் கொடுங்கள், ஆனால் கடைசி அசைவு குழந்தையிடமே இருக்கட்டும். கண் சொருகி, எதற்கெடுத்தாலும் அழுதால் களைப்பு. அன்றைக்குப் பாடம் முடிந்தது. நீங்களே உடுத்தி, தூக்கிப் படுக்கவையுங்கள். அதனால் எதுவும் கெட்டுப்போகாது.

காத்திருக்கும் நேரத்தில் அழுதால், சொன்ன நேரத்தைக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். குரலைத் தாழ்த்தி மீதியைச் சொல்லுங்கள்: “இரண்டு விசில் ஆகிவிட்டது, ஒன்று பாக்கி.” அழுகைக்காக முன்னால் போனால் அடுத்த முறை அழுகை முன்னாலேயே வரும். அழுததற்காக நேரத்தைக் கூட்டினால் ஆறாவது படியில் கட்டியது இடியும்.

10. வெளியே: ரயில், கடை, கோயில்

வீட்டில் ஒரு வேலையாவது கைவந்தபிறகு வெளியே வாருங்கள். வெளியில் சத்தம், கூட்டம், அந்நிய மொழி எல்லாம் இருக்கும். முதல் பாடத்துக்கு ஏற்ற இடம் அன்று.

ரயிலில் நிலையங்களே விசில்கள். செம்பூரிலிருந்து ஜிடிபி நகருக்குப் போகும்போது நான்கு விரலை நீட்டச் சொல்வேன்: திலக் நகர், குர்லா, சுனாபட்டி, நாம் இறங்குவது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு விரலை மடக்க வேண்டும். “எப்போது வரும்?” என்ற தொணதொணப்பு நின்றுவிடும், விரலைப் பார்த்தால் தெரிகிறதே. ஆனால் ஏறுவதும் இறங்குவதும் பழகும் இடங்கள் அல்ல. வண்டி நிற்பது சில நொடிகள். அங்கே குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், தயங்கவே வேண்டாம்.

கடையில் வாங்கப் பழக்குவது மூன்று வாரக் கதை. முதல் வாரம் குழந்தை பணத்தை மட்டும் நீட்டும், பேசுவது நீங்கள். இரண்டாம் வாரம் “பையா, ஏக் லாதி பாவ்” (அண்ணா, ஒரு கட்டு பாவ் ரொட்டி) என்று குழந்தை இந்தியில் சொல்லும். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு அந்த நான்கு சொல்லைக் கடைக்காரர் முன் சொல்வது மலையேறுவது மாதிரி. வீட்டில் நீங்கள் கடைக்காரராக இருந்து பத்து முறை ஒத்திகை பாருங்கள். மூன்றாம் வாரம் நீங்கள் மூன்றடி தள்ளி நிற்கலாம். கண்பார்வையை விட்டு நகரக் கூடாது, சாலையைக் கடக்கும் கடையாகவும் இருக்கக் கூடாது.

கடைக்காரரிடம் முந்தைய நாளே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் குழந்தையின் தலைக்கு மேலே பெரியவர்கள் கை நீட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். அதன் முறை வரவே வராது. எங்கள் தெருக் கடைக்காரரிடம் சொன்ன நாளிலிருந்து, பிள்ளை வந்து நின்றால் குனிந்து “போலோ” (சொல்லு) என்கிறார். அந்த ஒரு குனிதல் போதும்.

கோயிலில் சேடா நகர் முருகன் சன்னிதிக்குப் படியேறும்போது எண்ணிக்கொண்டே ஏறலாம். நீண்ட பிரசாத வரிசையில் மட்டும் மூன்று வயதுக் குழந்தையை நிறுத்த வேண்டாம். ஒருவர் வரிசையில் நில்லுங்கள், மற்றவர் குழந்தையோடு வெளியே இருங்கள், கடைசி ஐந்து பேர் இருக்கும்போது சேர்ந்துகொள்ளுங்கள். காத்திருப்பின் முடிவையும் குழந்தை பார்க்கும், அளவும் மீறாது.

11. ஊரிலிருந்து பாட்டி வந்திருக்கும்போது

திருநெல்வேலியிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ மூன்று மாதத்துக்கு வரும் பாட்டிக்குப் பேரக் குழந்தைக்கு ஊட்டுவதும் உடுத்துவதும்தான் மகிழ்ச்சி. “செய்யாதீர்கள்” என்று சொன்னால் மனம் நோகும், வீட்டில் இரண்டு கட்சி உண்டாகும். குழந்தை அதை நொடியில் பிடித்துக்கொள்ளும்.

பாட்டிக்கு ஒரு பங்கு கொடுங்கள். நான் ஒரு மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்தது இது: “அத்தை, இரண்டு வாரத்துக்குக் கால்சட்டையை மட்டும் அவளே போட்டுக்கொள்ளட்டும். நான் வேலைக்குப் போய்விடுகிறேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே சிக்குகிறது என்று பார்த்துச் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.” அந்த அத்தைதான் சிவப்பு நூல் யோசனையைச் சொன்னவர்.

ராத்திரிச் சோற்றைப் பாட்டி ஊட்டட்டும். அது அவர்களுக்குள் இருக்கும் உறவு. பகலில் தானே சாப்பிடுவது, இரவில் பாட்டி கையால் சாப்பிடுவது என்று பிரித்து வைத்தால் குழந்தைக்குக் குழப்பம் வராது. கீரை ஆய்வது போன்ற எட்டாவது படி வேலைகளுக்குப் பாட்டியைப் போல ஆசிரியர் கிடைக்கமாட்டார். அவசரமில்லாத கை அது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடமும் இதே செய்தியைச் சொல்லிவிடுங்கள்.

12. காய்ச்சல், புதிய குழந்தை, பின்னடைவு

காய்ச்சல் வந்தாலோ தம்பி, தங்கை பிறந்தாலோ கைவந்த வேலை நழுவும். “உனக்குத்தான் தெரியுமே” என்று வற்புறுத்தாமல், கடைசி அசைவு மட்டும் குழந்தையிடம் என்ற நிலைக்குத் திரும்புங்கள். இந்த முறை ஓரிரு வாரத்தில் ஏறிவிடும்.

காரணம் எதுவும் இல்லாமல், முன்பு செய்துவந்ததையோ பேசிவந்ததையோ குழந்தை இழந்துகொண்டே போனால் பயிற்சியைக் கூட்ட வேண்டாம். குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

13. காலை நேரத்துக்கு மாற்றுவது

மூன்று மாலைகள் தொடர்ந்து, நீங்கள் ஒரு சொல்லும் சொல்லாமல் குழந்தை முடித்தால் அந்த வேலை கைவந்துவிட்டது. அப்போதுதான் அதைக் காலைக்குக் கொண்டுபோக வேண்டும், அதுவும் முதலில் ஒரு சனிக்கிழமைக் காலை.

அடுத்து வரும் திங்களன்று பத்து நிமிடம் முன்னதாக எழுப்புங்கள். உடையை இரவே சிவப்பு நூல் தெரியும்படி கட்டில் ஓரத்தில் எடுத்து வையுங்கள், ஷூ வாசல் பக்கம் இருக்கட்டும். வேன் வரும் நேரத்துக்குக் கடிகாரத்தில் பொட்டு ஒட்டிவையுங்கள். பிறகு வாசலில் நின்று, உங்கள் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.